மாத்திரை கொடுத்த தையல்நாயகியார்

வைத்தியநாதர் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே பெட்பேன் கழுவி, வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்து வந்தவர் தையல்நாயகியார். கோயிலுக்குப் போக அவருக்கு நேரம் ஏது? "நான் குடுக்கிற மாத்திரைதான் சாமிக்குப் போடுற பூ" என்பார். வாய் மட்டும் பதிகத்தை முணுமுணுத்தபடியே இருக்கும்.

அங்கே நால்வருக்குத் திங்களும் வியாழனும் டயாலிசிஸ். அந்த நாளில் அவர்களுக்குப் பிரஷர் மாத்திரையைக் காலையில் கொடுக்கக் கூடாது, திரும்பி வந்தபிறகுதான். முந்திக் கொடுத்தால் மெஷினில் இருக்கும்போதே பிரஷர் விழுந்து உயிருக்கு உலை வைத்துவிடும். நால்வரில் ஒருவர் மாசிலாமணி, ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி என்றாலே அவருக்குக் கேலிதான்.

"நான் நேரம் பாத்து வண்டிய விட்டேன். ஒன் சாமி எதைப் பாத்து விடுது?"

அம்மையார் சிரித்துக்கொண்டே தண்ணீரை நீட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை, பதிகத்தில் ஒரு வரி மறந்துபோயிற்று. மனம் அதைத் துழாவிக்கொண்டிருக்க, கை பழக்கத்தில் மாசிலாமணியின் வாயில் பிரஷர் மாத்திரையைப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வேன் போனபிறகு வரி நினைவுக்கு வந்தது. கூடவே அன்று என்ன கிழமை என்பதும் வந்தது.

பார்த்தவர் எவருமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி கிழவரின் வயதின் மேல் போயிருக்கும். சொன்னால் வேலை போகும், சோறும் போகும். தையல்நாயகியார் இல்லத்து நர்ஸான சிஸ்டரிடம் ஓடினார்.

"சிஸ்டர், தப்புப் பண்ணிட்டேன். கார்டு ஐயாவுக்கு பிரஷர் மாத்திரை குடுத்துட்டேன். சீக்கிரம் போன் போடுங்க!"

போன் போயிற்று. ஆஸ்பத்திரியில் விழிப்பாக இருந்ததால், பிரஷர் சரிந்தபோது ஆளை மீட்டுவிட்டார்கள்.

"பாட்டுப் பாடிட்டே ஆளைக் கொல்லப் பாத்தியே" என்று சிஸ்டர் மாத்திரைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டார். அம்மையாரோ, சாமியைப் பாடிக்கொண்டே சாமியின் பிள்ளையைச் சாகக் கொடுக்க இருந்தோமே என்று குறுகிப் போனார். பாட்டு நின்றது. கோயில் மணி கேட்டாலும் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

சனிக்கிழமை, இல்லத்துக்குத் திரும்பியிருந்த மாசிலாமணி சிஸ்டரிடம் மாத்திரை வாங்க மறுத்தார். "தையல வரச் சொல்லுங்க" என்றார். அம்மையார் தலைகுனிந்து வந்து நின்றார்.

"என் சர்வீஸ்ல தப்புப் பண்ணாத ஆளே இல்ல. பண்ண கையோட செவப்புக் கொடி காட்டுனவன ஒருத்தனையும் பாக்கல. நீ காட்டுன. உன் கையால குடும்மா."

சிஸ்டர் தட்டை நீட்டினார். அம்மையார் மாத்திரையை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னிக்கு என்ன கெழமைங்க ஐயா?"

"சனி. மெஷின் இல்ல. போடு."

சாமியை ஒப்பாதவர் வாயை அண்ணாந்து திறந்தார். அந்த வாயால்தான் வைத்தியநாதர் தம்மை மறுபடி அழைத்தார் என்று அம்மையாருக்குத் தெரிந்தது. கண்ணீர் வழிய மாத்திரையை இட்டார்.

தன் பிழையைத் தானே ஓடிப்போய்ச் சொன்ன அந்தத் தாயின் கைக்கு நம் கும்பிடு.