புயலைத் திட்டிய விருந்தாளி

வானம் பார்த்த பூமியில் ஒரு கண்மாய் இருந்தது. பெயர்தான் கண்மாய். அதில் தண்ணீரைப் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது. வெடித்துக் கிடந்த அதன் தரையில் கால் வைக்க ஓணான்கூட யோசிக்கும்.

அதன் கரையில் செவத்தி என்றொரு கௌதாரி குடியிருந்தது. போன கோடையில் அது பொரித்த குஞ்சுகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. "வர்ற கோடைக்காவது கண்மாயில தண்ணி நிக்கணும்" என்பதைத் தவிர அதற்கு வேறு நினைப்பே கிடையாது.

மார்கழி பிறந்ததும் கடலில் ஒரு புயல் கிளம்பியது. கடற்கரையில் அது ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அத்தனை தூரம் உள்ளே வருவதற்குள் காற்றெல்லாம் களைத்துப்போய், மழை மட்டும்தான் மிச்சமிருந்தது. அந்த மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழை விட்டு வானம் வெறித்த பிறகு பார்த்தால் கண்மாய் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது!

செவத்திக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அலகை நனைத்தது. திரும்ப வந்தது. நிஜம்தானா என்று மறுபடி ஓடிப்போய் நனைத்தது.

கரையில் பெரியவர் என்று பெயர் எடுத்தது உடும்பு. யார் கொடுத்த பெயர் என்று கேட்கக் கூடாது, அதுவே எடுத்துக்கொண்டதுதான். உடும்பு எல்லோரையும் கூட்டியது.

"இன்னிக்குப் புயலுக்கு நன்றி சொல்றோம்! ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லணும். யாராவது அதைப் பத்தித் தப்பாப் பேசினீங்க, கோவிச்சுக்கிட்டு அடுத்த வருஷம் வராமப் போயிரும். சாக்கிரதை!"

"எங்கப்பன் புயலு! எங்கய்யா புயலு!" என்று முயல் குதித்தது.

"உனக்குச் சங்கதி தெரியுமா? புயல் என் வீட்டுக்குள்ளேயே ஊத்து திறந்து விட்டிருக்கு! வாசல் வழியா எப்படி ஓடுது பாரு!" என்று பீற்றிக்கொண்டது உடும்பு.

உண்மைதான். கரையின் வெளிப்பக்கத்தைக் குடைந்து உடும்பு கட்டியிருந்த வளையின் வாசலில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. பெரியவர் வீட்டு ஊற்று ஆயிற்றே! எல்லோரும் வரிசையில் நின்று கும்பிட்டு, ஒரு வாய் குடித்தார்கள். முயல் பக்திப் பெருக்கில் வாசலை இன்னும் கொஞ்சம் தோண்டி அகலப்படுத்தியது.

அந்த நேரத்தில்தான் வானத்திலிருந்து ஒரு பறவை பொத்தென்று கரையில் விழுந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம். தண்ணீரில் வாழும் நாமக்கோழி அது. றெக்கை நனைந்து தொங்கியது. நடுக்கம் நிற்கவில்லை.

"கடலோரத்துல இருந்து வர்றேன்" என்றது ஈனக் குரலில்.

"புயல் பிறந்த ஊரா! கொடுத்துவச்ச மகராசி! விருந்தாளியைக் கவனிங்கப்பா!" என்றது உடும்பு.

வறண்ட ஊரில் விருந்தாளிக்குச் செய்கிற பெரிய மரியாதை என்ன? தண்ணீர்தானே! முயல் ஓடிப்போய்க் காலால் தண்ணீரை வாரி, நாமக்கோழியின் தலையில் சளார் சளாரென்று இறைத்தது.

"ஐயோ, போதும்! தண்ணியே வேணாம்!" என்று அலறியது நாமக்கோழி. "நாசமாப் போன புயல் ஊத்தினது பத்தாதா?"

தண்ணீர் இறைத்த முயலின் கால் அந்தரத்திலேயே நின்றது.

"திட்டிருச்சே!" என்றது முயல்.

"நன்றி கெட்டது!" உடும்புக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "பொழுது சாயறதுக்குள்ள புயல்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு!"

செவத்திக்கும் வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் ஏங்கி வாங்கிய வரத்தை வந்ததும் வராததுமாகச் சபிக்கிறதே இந்தப் பறவை! சுருக்கென்று ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் பக்கத்தில் போனது. ஆனால் நாமக்கோழியின் பற்கள் கிட்டாத குறைதான். பறவைக்குப் பல் ஏது? அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் செவத்தியின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"புயல் உன்னைய என்ன செஞ்சது தாயீ?" என்று கேட்டது.

"கோரைக்குள்ள கூடு கட்டியிருந்தேங்கா. முட்டை எல்லாம் பொரிக்கிற பருவம். கடல் உள்ள வந்திருச்சு. கூட்டையும் கொண்டுபோயிருச்சு, முட்டையையும் கொண்டுபோயிருச்சு. இங்க வந்தா, நீங்க அதையே கும்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

செவத்தி இன்னும் நெருங்கிப்போய் நின்றது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வலி அதற்குத் தெரியாதா? தன் குஞ்சுகள் தண்ணீர் இல்லாமல் போயின. இதன் முட்டைகள் தண்ணீராலேயே போயிருக்கின்றன.

"இப்ப உனக்கு என்ன வேணும், சொல்லு."

"காய்ஞ்ச இடம் வேணும். காலடி அளவு இருந்தாப் போதும்."

காய்ந்த இடமா! அந்த ஊரில் யாருக்கும் வேண்டாத பொருள் அது ஒன்றுதானே! சாய்ந்த பாறைக்கு அடியில், மழை எட்டாத மூலையில், செவத்தி புழுதி குளிக்கும் குழி இருந்தது. விருந்தாளியை அங்கே கூட்டிப்போகவே அதற்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் நாமக்கோழியோ வெதுவெதுப்பான மணலில் வயிற்றை அமுக்கி உட்கார்ந்து, "அம்மாடி!" என்று கண்ணை மூடியது.

பொழுது சாயும் நேரம் உடும்பு வந்து நின்றது. "மன்னிப்பா, பயணமா?"

"பொய் சொல்ல எனக்கு வராதுண்ணே. கிளம்புறேன்" என்று நாமக்கோழி எழுந்தது. செவத்தி எவ்வளவோ மன்றாடியும் உடும்பு மசியவில்லை.

கரைமேல் நடந்துபோன நாமக்கோழி, வளை வாசலில் சட்டென்று நின்றது. ஓடும் தண்ணீரை உற்றுப் பார்த்தது.

"இது என்ன?"

"என் வீட்டு ஊத்து!" என்றது உடும்பு.

"ஊத்துத் தண்ணி தெளிவா இருக்கும். இது கலங்கலா வருதே! உள்ளுக்குள்ள கரை மண்ணைக் கரைச்சுக்கிட்டு வருதுண்ணே! இந்த வளைக்குக் கண்மாய்ப் பக்கமும் வாசல் வச்சிருக்கியா?"

உடும்பு விழித்தது. "ஒரு காத்தோட்டத்துக்கு... புழக்கடை வாசல்..."

"அந்த வழியாத்தான் கண்மாயே வெளிய வருது! எங்க ஊர்க் குளத்துக் கரையும் ஒருதடவை இப்படித்தான் உடைஞ்சது. இப்படியே விட்டா, விடியும்போது உங்களுக்குச் சேறுதான் மிஞ்சும்!"

செவத்தி வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தது. கோடைத் தண்ணீர், இனி பொரிக்கப்போகும் குஞ்சுகள், எல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தன!

"புழக்கடை வாசலை அடைக்கணும். ஆனா அது தண்ணிக்கு அடியில இருக்கு" என்றது நாமக்கோழி.

முயலுக்கு முங்கத் தெரியாது. கௌதாரிக்கும் தெரியாது. உடும்பு நீந்தும் இனம்தான். ஆனால் பிறந்ததிலிருந்து கண்மாயில் தண்ணீரைக் கண்டிருந்தால்தானே! யாரும் நாமக்கோழியின் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு பார்ப்பது?

"நீ போகவேணாம் தாயீ. இப்பத்தானே குளிர் விட்டிருக்கு" என்றது செவத்தி.

"என்ன வேணும்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டவ நீ ஒருத்திதான்கா" என்றது நாமக்கோழி. "புல்லைப் பிடுங்குங்க! களிமண் கொண்டாங்க!"

சொல்லிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முங்கியது. முயல் புல் பிடுங்கியது. செவத்தி காலால் களிமண்ணைச் சீய்த்துத் தள்ளியது. நாமக்கோழி அலகில் கவ்விக் கவ்விக் கொண்டுபோய் ஓட்டைக்குள் திணித்தது. தண்ணீரின் வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

"அண்ணே, வெளிப்பக்கமிருந்து உன் வளையை இடிச்சு மூடினாத்தான் நிக்கும்!"

"என் வீட்டையா?" என்றது உடும்பு. நிறைந்து நின்ற கண்மாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. தான் பார்த்துப் பார்த்துக் குடைந்த வளையைத் தன் நகத்தாலேயே இடித்துச் சரித்து, ஏறி மிதித்தது. கசிவு நின்றது. கண்மாய் தப்பியது!

உடும்பு இடிந்த வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. "வீடு போனா எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. உன்னைய விரட்டப் பார்த்தேனே, மன்னிச்சிரு தாயீ" என்றது. நாமக்கோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

கோடை வந்தது. கண்மாயில் தண்ணீர் நின்றது. செவத்தியின் குஞ்சுகள் வரிசையாக இறங்கித் தண்ணீர் குடித்தன. அதைப் பார்த்துச் செவத்தி அழுதேவிட்டது. சற்றுத் தள்ளி, புதிதாகக் கட்டிய கூட்டில் நாமக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

முயலுக்கு வாய் சும்மா இருக்குமா? "இப்பவாவது புயலுக்கு நன்றி சொல்லுவியா?" என்று கேட்டது.

"மாட்டேன்" என்றது நாமக்கோழி. "உங்களுக்குச் சொல்லுவேன்."

"அதுல தப்பே இல்ல. நான் மழைக்கும் சொல்லுவேன், உனக்கும் சொல்லுவேன்" என்றது செவத்தி.

நமக்கு வாழ்வு தந்த மழை இன்னொருவர் வீட்டைக் கொண்டுபோயிருக்கலாம். ஆகையால் நமக்குக் கிடைத்ததற்கு நன்றி சொல்கிறவர்கள், அதனால் இழந்தவர்களின் துயரத்தையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.