எள் போடாத சோறு

"ஏனுங்க சாமி, பையன் இல்லாதவன் செத்துப்போனா அவனுக்கு யாருங்க சோறு வெப்பாங்க?"

கேட்டவன் செங்கோட்டுவேல். நாலு தறி ஓட்டுகிறவன். காரை மேட்டில் நிறுத்திவிட்டுப் படித்துறைக்கு இறங்கி வந்திருந்தான்.

கரைச்சாமி தலையைத் தூக்கவில்லை. குண்டானில் சோறு வெந்துகொண்டிருந்தது.

"இப்பப் பசிக்குதா உனக்கு?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன அவசரம்?"

கரைச்சாமி அப்படித்தான். காவி கிடையாது, சடை கிடையாது. ஆற்றங்கரையில் செத்தவர்களுக்குச் சோறு வைத்துக் கொடுப்பார். உயிரோடு இருக்கிறவர்களை ஒரு குத்துக் குத்தி அனுப்புவார். வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள்தான் திரும்பவும் வருவார்கள். என்ன ஜென்மங்களோ!

செங்கோட்டுவேல் விடவில்லை.

"வீட்ல ரெண்டும் பொட்டப்புள்ளைங்க. மூணாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சுது, கலைச்சாச்சு. இப்ப நாலாவது, மூணு மாசம். ஸ்கேன்ல சொல்லக்கூடாதுதான். ஆள் வெச்சுக் கேட்டோம். அதுவும் பொண்ணாம்."

"ம்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க. இந்தக் கரையில பெரியவங்களுக்குப் பிண்டம் வெச்சு, நடு உருண்டையைப் பொண்டாட்டி தின்னா அடுத்தது பையன்தான்னு எங்கம்மா சொன்னாங்க. அதான் வந்தோம்."

சாமி இப்போதுதான் நிமிர்ந்தார். மேல்படியில் ஒரு பெண் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். பெயர் மேகலா. வந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"அந்தம்மா சாப்பிட்டுச்சா?"

"விரதமுங்க. காரியம் முடியற வரைக்கும் பச்சைத்தண்ணி கூடப் பல்லுல படக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"உங்கம்மா சாப்பிட்டாங்களா?"

"இட்லி சாப்பிட்டாங்க."

சாமி அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தார்.

செங்கோட்டுவேல் பக்கத்தில் குந்தினான். குரல் இறங்கிவிட்டது. "சாமி, இது பாவம்ங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வர்றதில்லை."

"என்னைக் கேட்டா?"

"வேற யாரைக் கேட்கறது?"

"நான் சொமக்கலையே அப்பா. போ, முழுகிட்டு வா."

இவ்வளவு தூரம் காரோட்டி வந்தவனுக்கு இதுதான் பதில். கோபம் வருமா வராதா? வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

சாமி வாழை இலையை விரித்தார். சோற்றில் பிடி எடுத்து, கறுப்பு எள்ளைத் தூவி உருட்டினார்.

"அப்பன் பேரு?"

"ராமலிங்கமுங்க."

"சொல்லி வை."

வைத்தான். அடுத்த உருண்டை.

"தாத்தன்?"

"காளியண்ணன்."

அதையும் வைத்தான். மூன்றாவது உருண்டை கைக்கு வந்தது.

"தாத்தனோட அப்பன்?"

செங்கோட்டுவேல் விழித்தான். "ஒரு நிமிஷங்க" என்று போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். அம்மாவுக்கும் தெரியவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டான். "எவன்டா கண்டான் அதையெல்லாம்" என்று சித்தப்பா போனை வைத்துவிட்டார்.

"தெரியலீங்க சாமி."

"அவருக்கு ஆம்பளைப் புள்ளை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்களே. எங்க தாத்தாதான்."

"சரி. பேர் தெரியாதவருன்னு சொல்லி வை."

வைத்தான். கை கழுவப் போனவனைச் சாமி நிறுத்தினார். எள் தூவி நாலாவதும் உருட்டி வைத்திருந்தார்.

"இது யாருக்குங்க?"

"உங்க வீட்ல வயித்துலேயே போனவங்களுக்கு. இந்தக் கரையில அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பேர் சொல்லு."

செங்கோட்டுவேல் முகம் சுண்டிப்போயிற்று. உருண்டையை வாங்கியவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு எங்கீங்க பேரு? பொறக்கவே இல்லையே."

"அப்ப இதுக்கும் பேர் தெரியாதவங்கன்னு சொல்லிடு."

"சாருமதி."

குரல் மேலிருந்து வந்தது.

செங்கோட்டுவேல் திரும்பினான். மேகலா அதே இடத்தில்தான் நின்றாள். பையை மட்டும் கீழே வைத்திருந்தாள்.

"எப்ப வெச்சே?"

"வயித்துல இருக்கறப்பவே."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே, புள்ளே."

"நீங்க கேட்கவே இல்லீங்களே."

அவன் கையை இறுக்கினான். உருண்டை உடைந்து பாதி மடியில் விழுந்தது. பொறுக்கி எடுத்து, சேர்த்துப் பிடித்து, "சாருமதி" என்று சொல்லி இலையில் வைத்தான். அதற்குமேல் தாங்கவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான்.

சாமி சமாதானம் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. குண்டானுக்குள் கையை விட்டு இன்னொரு பிடி எடுத்தார்.

"முடிஞ்சதுங்களே சாமி," என்றான் செங்கோட்டுவேல், மூக்கைத் துடைத்தபடி. "இன்னும் யாருக்கு?"

"நாளைக்குப் போகப்போறதுக்கு."

"சாமீ!"

"இன்னைக்கே வெச்சுட்டா இன்னொருக்கா வர வேண்டியதில்லை. உனக்கும் பெட்ரோல் மிச்சம். பேரை மட்டும் அந்தம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு."

அவன் மேல்படியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமி சோற்றை உருட்டி முடித்தார். இடது கையால் எள் கிண்ணத்தை இழுத்தார்.

"எள்ளுப் போடாதீங்க சாமி."

மேகலா கடகடவென்று படியிறங்கி வந்தாள். புடவைக் கரை தண்ணீரில் நனைந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"எள்ளுப் போடலைன்னா இது வெறும் சோறுதானுங்களே?"

"வெறும் சோறுதாம்மா."

அவர் கையிலிருந்து உருண்டையை எடுத்துக்கொண்டாள். அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

"மேகலா," என்றான் அவன். "அம்மா விரதம்னு..."

"பசிக்குதுங்க," என்றாள். "எனக்கு மட்டும் இல்லை."

தின்றாள். உப்பில்லை, குழம்பில்லை. விரலில் ஒட்டிய பருக்கையைக்கூட விடவில்லை. தின்று முடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னும் இருக்குங்களா சாமி?"

சாமி குண்டானைத் தூக்கிச் செங்கோட்டுவேல் மடியில் வைத்தார்.

"சோறு வெக்கறதைப் பத்திக் கேட்டியே," என்றார். "வை."