உதிர்ப்புக்கு எந்த இலை?

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்தேழு. அதனால் சீடர் குருவைச் சாமி என்பார், குரு சீடரை அண்ணே என்பார். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் குருவின் குடிசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதும் மற்ற நாட்களில் குருவிடம் வருவதும் சீடரின் வழக்கம். இதற்கு ஆண்டவரும் ஆட்சேபம் சொல்லவில்லை, குருவும் சொல்லவில்லை.

சீடரின் பெயர் சத்தியநேசன். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு திங்கட்கிழமை இரண்டு கையிலும் இரண்டு கட்டு இலையோடு வந்து நின்றார். ஒன்று ஓமவல்லி. இன்னொன்று கொத்தமல்லி.

"சாமி, இதுல எந்த இலை சரி?"

"எதுக்கு?"

சத்தியநேசன் உட்கார்ந்து கதையைச் சொன்னார். அவருடைய அப்பா மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரின் பங்களாவில் சமையல்காரர். அங்கே கற்ற ஒரு பண்டத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் செய்வார். மக்காச்சோள ரொட்டியை உதிர்த்து, வெங்காயம், மிளகு, முட்டை சேர்த்து, கோழி வெந்த தண்ணீரை ஊற்றிப் பிசறி, சட்டியை மூடி, மேலேயும் கீழேயும் தணல் போடுவார். மேலே மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே பூப்போல இருக்கும். வீட்டில் அதற்கு உதிர்ப்பு என்று பெயர். அதில் ஏதோ ஓர் இலை விழும் என்பது பிள்ளைகளுக்கு ஞாபகம், எந்த இலை என்பதில்தான் ஒத்துப்போகாது.

அப்பா போன பிறகு அவர் நினைவு நாளில் பிள்ளைகள் மூவரும் கூடி அதைச் செய்வது என்று ஏற்பாடு. முந்தின வருஷம் தம்பி ஆசீர் ஓமவல்லி போட்டுச் செய்தார். களியாகிவிட்டது. போன வருஷம் தங்கை மேரிபுஷ்பம் கொத்தமல்லி போட்டுச் செய்தாள். அதுவும் களிதான். இலைதான் கெடுத்தது என்று ஆசீர் சொல்ல, யாருடைய இலை என்று அவள் கேட்க, இருவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இந்த வருஷம் சத்தியநேசனின் முறை. சண்டைக்காரர்கள் இருவரும் பொது இடமாகக் கேட்டதால் வருகிற ஞாயிற்றுக்கிழமை குருவின் முற்றத்தில் சாப்பாடு. இதுவும் சரியில்லையென்றால் இனிமேல் அப்பாவுக்குத் தன் வீட்டில் தனியாக ஜெபம் வைத்துக்கொள்வதாகத் தங்கை சொல்லியனுப்பியிருந்தாள்.

"அதோட எங்க குடும்பம் முடிஞ்சுது சாமி," என்றார் சத்தியநேசன்.

"செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்," என்றார் குரு.

அந்தப் பக்கத்து மக்காச்சோளமெல்லாம் கோழிப்பண்ணைக்குத்தான் போகும். மில்காரர் எத்தனை கோழி வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அரைத்துக் கொடுத்தார். சத்தியநேசன் புது மாவில் வெண்ணெய் போட்டு ரொட்டி சுட்டார். ஆவி பறக்க உதிர்த்து, ஓமவல்லி போட்டு, செய்முறை பிசகாமல் செய்தார். சட்டியைத் திறந்தால் களி.

குரு இரண்டு கரண்டி மரியாதையாகச் சாப்பிட்டார். மிச்சத்தை எடுத்துப்போய்ச் சுவரில் பல்லி குடியிருந்த விரிசலில் அப்பினார்.

"நல்லாப் பிடிக்குது," என்றார்.

செவ்வாய்க்கிழமை கொத்தமல்லி போட்ட களி ஜன்னலோர விரிசலுக்குப் போயிற்று. புதன்கிழமை இரண்டு இலையும் போட்டுச் செய்தார். குடிசையில் விரிசல் தீர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை சத்தியநேசன் ரொட்டியைச் சுட்டு இறக்கியதும் குரு அதை வாங்கி உறியில் வைத்தார். மெல்லிய துணி போட்டு மூடி, கயிற்றை இழுத்து உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினார். பிறகு ஏணியைப் பக்கத்துக் காட்டுக்காரருக்கு இரவல் கொடுத்துவிட்டு வந்தார். முழங்கால் வலிக்காரரான சத்தியநேசன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள அது கல்லாப் போயிடும் சாமி. அப்பா நினைவு நாளுக்குப் பழைய ரொட்டியா போடறது?"

"அப்பா ரொட்டிய எங்க சுடுவாரு?"

"எங்க வீட்ல ஏது வசதி? பங்களாவுல சுடறதுதான். துண்டுல கட்டிக் கொண்டாருவாரு."

"டாக்டரு வீட்ல என்னைக்குச் சுடுவாங்க?"

"வியாழக்கெழமை."

"உங்க வீட்டுக்கு என்னைக்கு வரும்?"

"சனிக்கெழமை சாயங்காலம், மேசையில..." என்று ஆரம்பித்த சத்தியநேசன் நிறுத்திக்கொண்டார். டாக்டர் மேசையில் மிஞ்சின ரொட்டிதான் வீட்டுக்கு வந்தது என்பதை அறுபத்தொரு வயதில் அவர் வாயே அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.

"அப்ப நாங்க தின்னதெல்லாம் மிச்சமா சாமி?"

"திங்கும்போது மிச்சம் மாதிரியா இருந்துச்சு?"

சத்தியநேசன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஏணியும் வந்தது, ரொட்டியும் இறங்கியது. சுண்டினால் டக்கென்றது. சத்தியநேசன் அதை இடித்து உதிர்த்தார். கோழித் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது குடித்துக்கொண்டே இருந்தது. இலை போடும் நேரம் வந்தது. கழுவி வைத்திருந்த இரண்டு கட்டையும் தூக்கிக்கொண்டு அவர் குருவிடம் ஓடினார்.

"இப்பவாவது சொல்லுங்க சாமி. எந்த இலை?"

குரு இரண்டையும் வாங்கி, தம் ஆட்டின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆடு இதைக் கொஞ்சம் மோந்தது, அதைக் கொஞ்சம் மோந்தது. பிறகு இரண்டையும் தின்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"அதுக்கும் தெரியல," என்றார் குரு.

வேறு இலை பறித்துவர நேரமில்லை; சத்தியநேசன் சட்டியை அப்படியே மூடித் தணல் போட்டார். அது வெந்து இறங்கும் நேரத்தில் வாசலில் ஆசீரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் மேரிபுஷ்பம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்தார்கள். சத்தியநேசன் ஆண்டவரே என்று சட்டியைத் திறந்தார்.

மேல்பக்கம் பொன்னிறமாக மொறுமொறுத்திருந்தது. கரண்டி விட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மேரிபுஷ்பம் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்றாள். சத்தியநேசன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் அவள். கண்ணீர் தட்டில் விழுந்தது. ஆசீர் தலையைக் குனிந்துகொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் அவரிடமிருந்தும் வந்தது.

இரண்டாவது கரண்டியில் ஆசீர் பேசினார். ஓமவல்லியின் வாசனையே தனிதான் என்றார். மேரிபுஷ்பம் ஒரு வருஷத்துக்குப் பிறகு சின்னண்ணன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு அடைத்தவனுக்குக்கூட இது கொத்தமல்லி என்று தெரியுமே என்றாள். பெரியண்ணனே உன்னைத் திருத்திவிட்டான் பார் என்று ஆசீர் சொன்னார். உனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு இல்லை என்று அவள் சொன்னாள். தட்டுகள் மறுபடி நீண்டன. அடுத்த நினைவு நாளுக்குத் தானே செய்து காட்டுவதாக அவர் சவால் விட்டார். முதல் ஆளாக வந்து உட்கார்ந்து தின்று பார்க்கிறேன் என்று அவளும் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்.

சத்தியநேசன் மெதுவாக நகர்ந்து குருவின் காதருகே போனார். குரு மூன்றாவது தட்டில் இருந்தார்.

"சாமி, நான் எந்த இலையுமே போடல. உண்மையச் சொல்லிட்டா சண்டை இந்த நிமிஷமே நின்னுடும். சொல்லிடட்டுமா?"

குரு வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"நின்னுட்டா அடுத்த வருஷம் எதுக்குண்ணே வருவாங்க?"