சேற்றில் எழுதிய விண்ணப்பம்

காட்டுப்பன்றி வேலாத்தாள் குளத்தில் எப்போதும் கடைசியாகத்தான் தண்ணீர் குடிப்பாள். அங்கே ஒரு முதலை இருந்தது. அது எந்தக் கரையில் கிடக்கிறது என்று நாரை தினமும் விடிந்ததும் ஒரு பலகையில் எழுதி வைக்கும். வேலாத்தாளுக்கு எழுத்து தெரியாது. மற்றவர்கள் எந்தக் கரையில் இறங்கி உயிரோடு ஏறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, தன் ஐந்து குட்டிகளையும் இறக்குவாள். அதற்குள் தண்ணீர் கலங்கிச் சேறாகியிருக்கும்.

போன மாதம் ஒரு குட்டி தாகம் பொறுக்காமல் தானாக ஓடி இறங்கிவிட்டது. அதுவரை அவளுக்கு ஆறு குட்டிகள்.

நாரை காலையில் பெரியவர்களுக்கு வகுப்பும் நடத்தியது. போக அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் காலையில் கிழங்கு தோண்டாவிட்டால் குட்டிகள் பட்டினி.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கக் காட்டில் ஒரு குழுவே இருந்தது. யானை தலைவர், நரி செயலாளர். வகுப்புக்கு வருபவர்களுக்கு மூன்று மாதம் தினமும் ஒரு கூடை கிழங்கு உதவி. புங்கமரத்தில் அறிவிப்புப் பலகையும் மாட்டியிருந்தார்கள்: "எழுத்தறியாதோர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தம் கைப்பட எழுதித் தர வேண்டும்."

ஒரு மாதமாகியும் ஒருவரும் வரவில்லை.

"படிக்கணும்னு யாருக்கும் அக்கறையே இல்லை, தலைவரே," என்றது நரி, மரத்தடியில் நின்று. யானை வருத்தத்தோடு பெருமூச்சு விட்டது. நரி அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது.

அதே மரத்தடியில் தோண்டிக்கொண்டிருந்த வேலாத்தாள் நிமிர்ந்தாள். "என்ன விஷயம் ஐயா?"

நரி விவரம் சொன்னது. இன்றுதான் கடைசி நாள் என்றும் சொன்னது.

"ஒரு மாசமா இதுக்கு அடியிலதான் கிடக்கேன். ஒருத்தரும் சொல்லலையே?"

"பலகையில தெளிவா போட்டிருக்கே!"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"அப்போ உங்களுக்குத் தகுதி இருக்கும்மா. எழுதிக் குடுங்க."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் ஐயா கேக்கப்போறேன்?"

"விதி அப்படி," என்று நரி கிளம்பியது.

"ஐயா, அந்தப் பக்கமா போகாதீங்க, அங்க..."

"வாய்மொழியா எதையும் ஏத்துக்கிறதில்லை. எதுவானாலும் எழுத்துல குடுங்க," என்று சொல்லியபடியே நரி இலை மூடிய பள்ளத்துக்குள் போய் விழுந்தது.

வேலாத்தாள் பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். "எழுத்துலயும் வச்சிருக்கேன் ஐயா. அதோ அந்த மரத்துல."

பக்கத்து மரத்தில் சேறு அப்பியிருந்தது. ஆபத்தான இடத்துக்கு அருகில் உள்ள மரத்தில் சேற்று உடம்பைத் தேய்த்து அடையாளம் வைப்பது பன்றிகளின் வழக்கம்.

"அதை யாருக்கும்மா படிக்கத் தெரியும்?" என்று உள்ளிருந்து நரி கத்தியது.

யானை நரியைத் துதிக்கையால் தூக்கி வெளியே விட்டது. சேறு அப்பிய மரத்தைக் காட்டி, "இந்தம்மா விண்ணப்பம் வந்து சேர்ந்ததுன்னு எழுதிக்க," என்றது. அப்படியே புங்கமரத்துப் பலகையையும் கழற்றி எறிந்தது.

மறுநாளிலிருந்து நரி ஒவ்வொரு புதராக, வளையாக நொண்டி நொண்டிப் போய் வாயால் சொன்னது. முயலும் முள்ளம்பன்றியும் கீரியும் வந்தன. வகுப்பில் உட்கார இடம் போதவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, குளத்துக்கு வேறு யாரும் வருமுன் வேலாத்தாள் பலகை முன்னால் நின்றாள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மேற்குக் கரை, முதலை. இரண்டாவது முறையும் படித்தாள்.

"வேற யாராவது இறங்கட்டும்மா," என்றது மூத்த குட்டி.

"தேவையில்லை. கிழக்கால போய்க் குடிங்க."

ஐந்தும் போய்த் தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்தன. ஐந்தும் ஏறி வந்தன. வேலாத்தாள் ஆறாவதை நினைத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள்.

கல்லாதவர் தேடி வரட்டும் என்று காத்திருக்கும் உதவி யாருக்கும் பயன்படாது. அவர் இருக்கும் இடத்துக்குப் போய், அவருக்குப் புரியும்படி சொல்லிக் கொடுப்பதே உதவி.