ஒச்சாயி சொன்ன பொய்

அந்தக் காலத்தில் வௌவால்கள் பகலில்தான் பறந்தன. காக்கைகளுக்கும் அவற்றுக்கும் பகையே கிடையாது. வைகைக்குத் தெற்கே ஓர் ஊரில், கண்மாய்க் கரையில் பெரிய இலுப்பை மரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கிளைகளில் காக்கைகள் கூடு கட்டியிருந்தன. கீழ்க்கிளைகளில் வௌவால்கள் தொங்கின. அவை பேசினால் மனிதருக்குப் புரியும், மனிதர் பேசினால் அவற்றுக்குப் புரியும். அது நல்லதென்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்த மரத்துக்குக் காவல் ஒச்சாயி. விடிந்ததும் தாய் வௌவால்கள் குஞ்சுகளைக் கிளையில் தொங்கவிட்டு இரை தேடிப் போய்விடும். பாம்போ பருந்தோ அண்டாமல் ஒச்சாயி தொரட்டிக் கம்போடு கீழே உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பதிலாக வௌவால்கள் இலுப்பைப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை அவள் பக்கமாகவே போடும். அவற்றை ஆட்டி எடுத்த எண்ணெயில்தான் அவள் வீட்டு விளக்கு எரிந்தது.

செம்பிடரி என்ற தாய் வௌவாலுக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

"எங்க வீட்டுக்கு ஒரு நாளு விருந்துக்கு வாயேன், ஒச்சாயி" என்று கூப்பிடும்.

"வந்தா நானுமில்ல தலைகீழாத் தொங்கணும்" என்பாள் இவள். இரண்டும் சிரித்துக்கொள்ளும்.

ஒச்சாயிக்கு ஒரே மகன், மாயன். நான்கு வயது. ஆனிக் காற்றில் புழுதி கிளம்பியதும் அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் விலா குழி விழுந்தது. தூதுவளை கொடுத்தாள், ஆடாதொடை கொடுத்தாள், எதற்கும் கேட்கவில்லை. அப்போது அந்த வழியாக ஒரு வைத்தியன் வந்தான்.

"பால்குடி மறக்காத வௌவால் குஞ்சை அடிச்சு ரசம் வச்சுக் குடு தாயி. இழுப்பு இருந்த எடம் தெரியாது" என்றான். அவனுக்கென்ன! சொன்னான், ஒரு சட்டிக் கஞ்சியைக் குடித்தான், போய்ச் சேர்ந்தான்.

இரண்டு நாள் ஒச்சாயி மனசைக் கட்டி வைத்தாள். மூன்றாம் நாள் விடியும்போது மகனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. தாய்களும் காக்கைகளும் பறந்து போனதும் எழுந்தாள். கைக்கு எட்டும் கிளையில் ஒரே ஒரு குஞ்சுதான் இருந்தது. அது செம்பிடரியின் குஞ்சு. ஒச்சாயிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று தாய்தான் அதைத் தாழ்ந்த கிளையில் விட்டுப் போயிருந்தது. ஒச்சாயி கை வைத்தபோது அது கத்தக்கூட இல்லை. அவள் விரலைத் தாயின் மடி என்று பற்றிக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்தது.

பொழுது சாயத் தாய்கள் திரும்பின. செம்பிடரி அந்தக் கிளையில் பார்த்தது, அடுத்த கிளையில் பார்த்தது, மரம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே தேடியது. கடைசியில் கீழே வந்தது.

"ஒச்சாயி, எம்புள்ள எங்க?"

உண்மையைச் சொன்னால் வௌவால்கள் மாயனை விட்டுவைக்குமா என்று அவள் பயந்தாள்.

"காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு" என்றாள்.

உச்சிக் கிளையிலிருந்து கிழட்டுக் காகம் ஒன்று பதறி இறங்கியது. "அடப் பாவத்த! நான் களவாணிதான், இல்லேங்கல. ஆனா களவாண்டா ஊரே கேக்கக் கத்திக்கிட்டுத்தான் களவாணுவேன். உங்க புள்ளையத் தொட்டிருந்தா இந்நேரம் சத்தம் கேட்டிருக்காதா?"

"ஒச்சாயி பொய் சொல்ல மாட்டா" என்றது செம்பிடரி. மற்ற வௌவால்களும் அதையே சொல்லின.

மறுநாள் காலையில் வௌவால்கள் இரை தேடப் போகவில்லை. கூட்டமாக உச்சிக் கிளைக்கு ஏறிக் காக்கைக் கூடுகளைப் பிய்த்து எறிந்தன. இறகு முளைக்காத குஞ்சுகள் ஒச்சாயியைச் சுற்றி விழுந்தன. ஒன்று அவள் மடியிலேயே விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். வீட்டில் ரசம் இன்னும் பாதிச் சட்டி இருந்தது. அவள் சொல்லவில்லை.

அன்று உச்சிப் பொழுதில் மாயன் செத்துப்போனான்.

மகனைப் புதைத்த குழியில் மண்ணைத் தள்ளிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஒச்சாயி மரத்தடிக்கு வந்தாள். காக்கைகளும் கேட்க, வௌவால்களும் கேட்க, உள்ளதைச் சொன்னாள்.

செம்பிடரி அவள் முகத்துக்கு நேரே வந்து தொங்கியது.

"உம்புள்ள பொழச்சானா?"

"இல்ல."

"எம்புள்ளையும் போச்சு, உம்புள்ளையும் போச்சு. அந்தக் காக்காக் குஞ்சுகளை நாங்களே கொன்னோம். உம்பேச்சை எங்கள்ல ஒருத்திகூடச் சந்தேகப்படலையே, ஒச்சாயி! இனிமே மனுசங்ககிட்ட எங்களுக்குப் பேச்சு இல்ல."

வௌவால் மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஒச்சாயி காலமெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். மேலேயிருந்து கிறீச்சொலிதான் கேட்டது.

காக்கைகள் மட்டும் சும்மா இருக்குமா? பகலில் வௌவால் கண்ணில் பட்டால் கூட்டம் கூடிக் கொத்திக் கிழித்தன. ஒச்சாயி அந்தத் தொரட்டியைக் கீழே வைக்கவே இல்லை. விழுந்த குஞ்சை எடுத்துத் தாயிருக்கும் கிளையில் விட்டாள், காக்கைகளை விரட்டினாள், மரத்தை வெட்ட வந்தவர்களுக்குக் குறுக்கே படுத்தாள். அவள் செத்ததும் அவள் தங்கை வீட்டார் கம்பை எடுத்தார்கள். பிறகு ஊரே முறை வைத்து எடுத்தது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து, வாயில்லா ஜீவன்கள்மேல் இந்த ஊருக்குத்தான் எத்தனை பாசம் என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள்.

அன்று முதல்தான் வௌவால், காக்கைகள் கூடடைந்த பிறகே கிளம்புகிறது. பால்குடிக் குஞ்சை எவரையும் நம்பி விடாமல் மார்போடு சுமந்தே பறக்கிறது. அன்று முதல்தான் அந்த ஊரில் காவல் முறைக்கு வருகிறவர் யாரானாலும், உட்காருவதற்கு முன் மரத்தை அண்ணாந்து பார்த்து, "காக்கா இல்ல, நாங்கதான் எடுத்தோம்" என்று உரக்கச் சொல்கிறார்.