நிமிர்ந்து பார்க்கும் இடம்

ஓர் அரண்மனையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப்புரத்துப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கதை கேட்பார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டியவள் செண்பகவடிவு. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து, புருஷனையும் இழந்த பிறகு அந்த வேலைக்கு வந்தவள்.

அவளுக்கு வாசிக்கப் பழக்கியவள் உலகம்மை. வயதில் ஆறேழு வருஷம்தான் மூத்தவள். அதே சபையில் நெடுநாள் வாசித்தவள். தொண்டையில் நோய் வந்து குரல் கம்மிப்போகவே விலகிக்கொண்டாள். கோயில் மதிலை ஒட்டிய சின்ன வீட்டில் இருந்துகொண்டு, சந்நிதி விளக்குகளுக்குத் திரி திரித்துக் கொடுத்தாள்.

ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் செண்பகவடிவு ஓட்டமும் நடையுமாக அங்கே வந்தாள்.

"அக்கா, நாளைக்குக் கிண்ணத்துக் கதையை வாசிக்கச் சொல்லிட்டாங்க."

உலகம்மையின் விரல்கள் பஞ்சின் மேல் நின்றன.

கிண்ணத்துக் கதை என்பது வேறொரு நாட்டில், இருநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ராணிகளைப் பற்றியது. யாரோ ஒரு புலவர் கொஞ்சம் கேட்டதும் நிறையக் கற்பனை செய்ததுமாக எழுதிவைத்தது. மூத்த ராணியின் பிள்ளைக்கு இளைய ராணி பாலில் நஞ்சு வைத்தாள் என்று அதில் வரும்.

"யார் கேட்டது?"

"மூத்த தேவியார்தான். பிள்ளைக்குப் பதினோரு நாளா காய்ச்சல் விடலை. எல்லாரும் வந்து கேட்டாகணும்னு உத்தரவு."

"இளையவளுமா?"

"அவங்க கட்டாயம் வரணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க."

உலகம்மை பாதி திரித்த திரியைக் கீழே வைத்தாள்.

"வாசிச்சா இளையவங்க என்னை விடுவாங்களா அக்கா? ராஜா காதுல ஒரு வார்த்தை போட்டா என் தலை நிக்குமா? வாசிக்கலைன்னா மூத்தவங்க விடமாட்டாங்க. என் சின்னப் பொண்ணு வேற ஏழு மாசமா இருக்கா. பிரசவத்துக்கு நான் வந்துடுவேன்னு சொல்லியிருக்கேன்."

"ம்."

"அந்த இடத்தை மட்டும் தாண்டி வாசிச்சிடவா?"

"அந்தக் கதையைக் கேட்காத காது அங்கே உண்டா? நீ தாண்டினா தாதிமாரே உனக்கு அடியெடுத்துக் கொடுப்பாங்க."

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. அப்புறம் என் பக்கத்துல உட்கார்ந்து திரி திரிக்கலாம். கஞ்சி தருவாங்க."

செண்பகவடிவு சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

உலகம்மை பஞ்சை ஒதுக்கிவைத்தாள். "அந்தச் சுவரோரம் போய் உட்கார். எனக்கு நேர் எதிரே. இப்போ நீதான் இளைய தேவி."

"எதுக்குக்கா?"

"உட்கார்."

அரண்மனையில் வாசிப்பவளுக்கென்று ஒரு பலகை உண்டு. அதற்கு நேர் எதிரே இளைய தேவியின் ஆசனம். மூத்த தேவிக்கு வலப்பக்கத்து ஊஞ்சல். எந்த ராஜா ஆண்டாலும் இந்த இடங்கள் மாறுவதில்லை. கதையில் கனமான வரி வந்தால், வாசிப்பவள் பாதியில் நிறுத்தி, ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. வாசிப்புக்கே அதுதான் அழகு என்பார்கள். செண்பகவடிவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் உலகம்மைதான்.

உலகம்மையின் கையில் ஏடு இல்லை. குனிந்தபடியே, அந்தக் கம்மிய குரலில் மனப்பாடமாகச் சொன்னாள்.

"பாலைக் காய்ச்சியது தாதி. கிண்ணத்தைத் துடைத்தது தாதி. ஆனால் குழந்தையின் உதட்டில் அதை வைத்த கை..."

நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

இது வெறும் கதை என்று செண்பகவடிவுக்குத் தெரியும். எதிரே இருப்பது உலகம்மைதான் என்றும் தெரியும்.

ஆனாலும் "நான் இல்லைக்கா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்திருப்பதைக் கவனித்தாள்.

"மூணு எண்ணுற நேரம். அவ்வளவுதான்" என்றாள் உலகம்மை.

செண்பகவடிவு கைகளை வெளியே எடுத்தாள்.

"நீங்க இதை அங்கே வாசிச்சிருக்கீங்களா?"

"ஒரு தடவை. பெரிய ராஜா இருந்தப்போ. அப்பவும் மூத்தவங்க பிள்ளைக்கு உடம்புக்கு முடியாம இருந்தது. நான் நிமிர்ந்தேன். நான் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தாங்க."

"அப்புறம்?"

"மூணாம் நாள் பிள்ளை போயிடுச்சு. நாலாம் நாள் இளைய தேவியைத் தாமரைக் குளத்துலேர்ந்து தூக்கினாங்க."

"தானா விழுந்தாங்களா?"

"யாரும் கேட்கலை. நானும் கேட்கலை."

"அவங்கதான் செஞ்சாங்களா அக்கா?"

"பிள்ளைக்கு அம்மை. உடம்பு முழுக்க முத்து. வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தது. எல்லாரும்தான் பார்த்தோம்."

"பார்த்துமா அப்படி நினைச்சாங்க?"

"நான் நல்லா வாசிச்சேன், வடிவு."

செண்பகவடிவு எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

"நாளைக்கு நான் என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உலகம்மை பஞ்சை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கூடம் நிறைந்திருந்தது. உள்ளறையில் பிள்ளை அனத்துவது வெளியே கேட்டது. செண்பகவடிவு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். ஏட்டைப் பிரிக்கும் முன் எதிரே பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அந்த முகத்தைப் பார்த்தது வரிகளுக்கு நடுவே மூன்று எண்ணும் நேரம்தான்.

இளைய தேவிக்கு, செண்பகவடிவின் சின்னப் பெண்ணைவிடவும் வயது குறைவாக இருக்கும். தொலைதூரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். உதடு காய்ந்திருந்தது. கால்விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் அவளுடைய நகமே பதிந்த தடங்கள் இருந்தன.

'இவங்களுக்கா நான் பயந்தேன்' என்று செண்பகவடிவு நினைத்தாள்.

வாசித்தாள். குரல் பிசகவில்லை. பால் காய்ந்தது. கிண்ணம் வந்தது. குழந்தையின் உதட்டில் அதை வைத்த கை என்ற இடத்தில், பழக்கத்தில் குரல் நின்றது.

விசிறிகள் நின்றன. கழுத்து தானாக நிமிரப் பார்த்தது. அவள் குனிந்தே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

செண்பகவடிவு ஏட்டோடு எழுந்தாள். பலகையைக் கையில் எடுத்தாள்.

"என்ன இது?" என்றாள் மூத்த தேவி.

"இங்கிருந்து நிமிர்ந்தா ஒரே முகம்தான் தெரியுது தாயே."

நடந்து போய், இளைய தேவியின் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். வாசிப்பவள் தேவிமாரின் வரிசையில் உட்கார்ந்தது அந்தக் கூடத்தில் அதுவரை நடந்ததில்லை. விட்ட வரியை மறுபடி வாசித்தாள். நிறுத்தினாள். நிமிர்ந்தாள்.

அவள் பார்த்த பக்கம் எல்லாரும் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. பலகை இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது.

"யார் உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலை தாயே."

"என் பிள்ளை உள்ளே கிடக்கிறான்."

"தெரியும் தாயே. விடிஞ்சு எழுந்ததும் முதல்ல அவனுக்குத்தான் வேண்டிக்கிறேன்."

"உன் பக்கத்தில் இருக்கிறாளே, அவள் வேண்டுகிறாளா?"

செண்பகவடிவின் புடவை ஓரத்தை ஒரு கை இறுகப் பிடித்தது.

"தினமும் வேண்டறேன் அக்கா" என்றாள் இளைய தேவி. அவள் அந்தக் கூடத்தில் பேசிக் கேட்டவர்கள் குறைவு.

மூத்த தேவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊஞ்சலை விட்டு இறங்கி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அது கோபமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரிய தாதி வந்தாள். "ஏட்டைக் கட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போ. ராஜா வேட்டையிலிருந்து வந்ததும் ஆள் அனுப்புவாங்க. அதுவரைக்கும் வாசலை விட்டு நகரக் கூடாது."

செண்பகவடிவு வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே போய் விளக்கேற்றவும் கை வரவில்லை. தெருவில் குளம்படி கேட்டால் எழுந்து நின்றாள். மாடு என்று தெரிந்ததும் உட்கார்ந்தாள்.

பொழுது சாயும்போது உலகம்மை வந்தாள். அந்தத் தெருவுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செண்பகவடிவு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"ம்."

"பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மறுபடி அவங்களைத்தானே பார்ப்பாங்க?"

"பார்க்கலாம். இப்போ உன்னையும் சேர்த்துப் பார்ப்பாங்க."

"ராஜா வந்து கூப்பிட்டு அனுப்புவாரா அக்கா?"

"அனுப்பலாம்."

"நான் செஞ்சது சரியா, தப்பா?"

உலகம்மை உள்ளே போய் விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா. உட்கார்ந்தா நிக்கத் தோணுது. நின்னா உட்காரத் தோணுது."

உலகம்மை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படு" என்றாள். "இத்தனை நாளா அந்தப் பொண்ணு தனியா பயந்துக்கிட்டு இருந்தா."