இடம் மாறிய கண்

மணற்பாங்கான ஆழமற்ற கடலில் நெத்திலிக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அக்கூட்டத்தோடு ஒரு நாக்குமீன் குஞ்சும் நீந்தித் திரிந்தது. பிறந்து இருபது நாள்களே ஆன அது, நெத்திலிகளைப் போலவே நிமிர்ந்து நீந்தியது. பக்கத்துக்கொரு கண் கொண்டிருந்தது. ஆகவே அதனை வேற்றினம் என்று எவரும் எண்ணவில்லை.

கூட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு மீனும் இடக்கண்ணால் இடப்பக்கத்தையும் வலக்கண்ணால் வலப்பக்கத்தையும் காவல் காக்க வேண்டும்.

ஒருநாள் குஞ்சின் வலக்கண் மேல்நோக்கி நகரத் தொடங்கியது. சில நாள்களில் அது நெற்றியைக் கடந்து, இடக்கண்ணுக்கு அருகில் வந்து நின்றுவிட்டது. உடலும் ஒருபுறமாகச் சாய்ந்தது.

"வலப்பக்கத்தை யார் பார்ப்பது? நேராக நில், தம்பி," என்று கடிந்தது தலைவி நெத்திலி.

"நேராகத்தான் நிற்கிறேன், அக்கா. கடல்தான் சாய்கிறது."

மறுநாளைக்குள் கண் திரும்பாவிட்டால் கூட்டத்தில் இடமில்லை என்று தலைவி அறிவித்துவிட்டது. தனித்துத் திரியும் மீன் சீலா மீனுக்கு இரையாகும் என்பதைக் குஞ்சு அறியும். அது கலங்கிப்போய் எல்லாரிடமும் வழி கேட்டது. பின்னோக்கி நீந்தினால் கண் வந்த வழியே திரும்பிவிடும் என்றது இறால். அவ்வாறே நீந்திப் பாறையில் மோதிக்கொண்டதுதான் மிச்சம்.

அடுத்து நண்டிடம் சென்றது.

"வளரும்போது இப்படித்தான் இறுக்கும். ஓட்டைக் கழற்றிப் போடு," என்றது நண்டு.

"எனக்கு ஓடே இல்லையே, மாமா."

"அதுதான் உன் நோய்!"

ஒன்றும் விளங்காமல் குஞ்சு, இல்லாத ஓட்டைக் கழற்ற முயல்வதுபோல் ஒரு பாசிக்கொத்தில் உடலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவ்வேளையில் சீலா மீன் பாய்ந்து வந்தது. நெத்திலிகள் சிதறி ஓடின. குஞ்சும் நிமிர்ந்து ஓட முயன்றது. இயலாமல் தட்டையாக மணலில் விழுந்தது. கலங்கிய மணல் மெல்ல அதன்மேல் படிந்தது. இரண்டு கண்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. இரண்டும் மேலே நோக்கின. சீலாவின் வெண்மையான வயிறு தன்னைக் கடந்து செல்வதை அது அசையாமல் பார்த்தது. சீலா அதனைப் பார்க்கவே இல்லை.

ஆபத்து நீங்கியதும் தலைவி நெத்திலி தேடி வந்தது. "எழுந்திரு, தம்பி. இன்னும் ஒருநாள் தவணை தருகிறேன்."

"எனக்கு வந்தது நோயா, வளர்ச்சியா என்று எனக்கே தெரியவில்லை, அக்கா. ஆனால் நான் விழுந்து கிடக்கவில்லை, படுத்திருக்கிறேன்."

வளர்ந்த நாக்குமீன்கள் எல்லாம் இரு கண்களும் ஒரே பக்கத்தில் அமைய, மணலில் படுத்தே வாழ்பவை என்பதை அறியாத தலைவிக்கு இது புரியவில்லை. வலப்பக்கக் காவலுக்கு வேறொரு நெத்திலியை நிறுத்திக்கொண்டு, அது கூட்டத்தோடு அகன்றது.

பிறருடைய வளர்ச்சியைத் தம் உடலைக் கொண்டு அளப்பவர்கள், நலத்தையே நோயென்று கருதி மருந்து சொல்வார்கள்.